உடைப்பது வேறு, பிரிப்பது வேறு

சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு மறுவிற்பனை வீடு வாங்கி ரெனொவேஷன் ஆரம்பித்தபோது முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். தரையைப் பற்றி யோசிக்காமலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். 1970களில் கட்டிய புளோக் அது. படுக்கையறை இரண்டிலும் விரல் அகலத் துண்டுகளை அடுக்கி ஒட்டிய மரத் தரை, பார்க்கே என்று நாம் சொல்வது, போட்டிருந்தார்கள். மேல் மெருகு போயிருந்தது, அவ்வளவுதான் குறை. காலையில் நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது ஒரு அறையின் தரை ஏற்கெனவே சாக்குப் பைகளுக்குள் இருந்தது. கையில் டிரில்லோடு நின்ற தம்பிக்குப் புதுக்கோட்டைப் பக்கம்.

அம்மா பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். “தேக்கு மாதிரி இருக்கே தம்பி, இதை யாரும் எடுத்துக்க மாட்டாங்களா?”

“எடுத்துக்குவாங்கம்மா. ஒவ்வொண்ணாப் பெயர்த்து, அடியில இருக்கிற தாரைச் சுரண்டி, எண்ணி அடுக்கி வைக்கணும். ரெண்டு நாள் ஆகும். எங்களுக்கு ரூமுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு.”

அம்மா விடவில்லை. “எங்க ஊர்ல வீடு இடிக்கிறவன் நமக்குக் காசு குடுத்துட்டுத்தான் இடிப்பான்.”

அவர் சிரித்துவிட்டார். “ஊர்ல நானும் அந்த வேலைதாம்மா பார்த்தேன்.”

அம்மா வளர்ந்தது காரைக்குடிப் பக்கம். பழைய வீடு ஒன்று விழப்போகிறது என்றால் அங்கே நாலு பேர் விலை பேச வந்துவிடுவார்கள். நிலை, கதவு, ஜன்னல் கம்பி, உத்தரம், தூண், ஓடு, செங்கல் எல்லாம் தனித்தனிக் கணக்கு. அவற்றை விற்றுக் கிடைப்பதில் ஒரு பங்கை வீட்டுக்காரருக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டு போவார்கள். ‘பிரிப்பது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பந்தலைப் பிரிக்கிறோம், கூரையைப் பிரிக்கிறோம். ஆனால் சுவரை இடிக்கிறோம். இரண்டும் ஒரே வேலை இல்லை என்பது மொழிக்கே தெரிந்திருக்கிறது.

சிங்கப்பூரில் பணம் எதிர்த் திசையில் போகிறது. உடைத்ததை அள்ளிக்கொண்டு போவதற்கு வீட்டுக்காரர்தான் காசு கொடுக்க வேண்டும். கட்டுமானப் பொருளை மறுபடி பயன்படுத்துவது பற்றி இந்த ஊரில் எவ்வளவு பேசினாலும் கடைசியில் இந்தத் திசையில்தான் வந்து முட்டிக்கொள்கிறது.

99 விழுக்காடு என்றால் என்ன?

தேசியச் சுற்றுப்புற வாரியம் ஆண்டுதோறும் கழிவுப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. அதில் கட்டுமான, இடிப்புக் கழிவின் மறுபயனீட்டு விகிதம் ஏறத்தாழ 99 விழுக்காடு. பல ஆண்டுகளாகவே அப்படித்தான். பிளாஸ்டிக்கும் உணவுக் கழிவும் அந்தப் பட்டியலின் அடியில் தவிக்கும்போது கட்டடக் கழிவு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம்.

இடிக்கப்பட்ட ஒரு புளோக்கின் கான்கிரீட் எங்கே போகிறது என்று பார்த்தால் விளங்கும். தளத்திலேயே எக்ஸ்கவேட்டரின் தாடை அதைக் கடித்துச் சிறு பாறைகளாக்கும். லாரியில் ஏற்றி, லிம் சூ காங்கில் உள்ள சரிம்புன் மறுசுழற்சிப் பூங்கா போன்ற இடத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே அரவை இயந்திரம் நொறுக்கும். மேலே தொங்கும் காந்தம் கம்பியைப் பிடுங்கிக்கொள்ளும். மரம், பிளாஸ்டிக், ஓட்டுத் துண்டு ஆகியவற்றைக் கையாலும் காற்றாலும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சல்லடையில் அளவு வாரியாகப் பிரிப்பார்கள். கிடைப்பது ஜல்லி. அதில் பெரும்பகுதி சாலைக்கு அடியிலும், கட்டுமானத் தளத்தின் தற்காலிகப் பாதையிலும், வடிகால், நடைபாதை விளிம்பு போன்ற சில்லறை வேலைகளிலும் போய்ச் சேர்கிறது.

நேற்றுவரை 12 மாடியைத் தாங்கிய தூண் இன்றைக்குச் சாலைக்கு அடியில் கிடக்கிறது. குப்பையாகவில்லை, சரி. ஆனால் பட்டுப் புடவையைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினாலும் கணக்கில் அது மறுபயனீடுதான். 99 என்ற எண் பொய் இல்லை. அது சொல்லாமல் விடுவதுதான் நமக்கு முக்கியம்.

ஜல்லியை மறுபடி கான்கிரீட்டிலேயே போட முடியாதா? முடியும். கிராஞ்சியில் சம்வோ நிறுவனம் 2010ல் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டியது. அதன் கட்டமைப்புக் கான்கிரீட்டில் சில பகுதிகளில் 100 விழுக்காடு வரை பழைய கான்கிரீட்டிலிருந்து வந்த ஜல்லிதான். இன்றும் கட்டடம் நிற்கிறது. ஆனாலும் வழக்கமான வேலைகளில் பொறியாளர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. உடைத்த ஜல்லியின் மேல் பழைய சிமெண்ட் கலவை ஒட்டிக்கொண்டே வரும். அது கடற்பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சும். கலவையில் எவ்வளவு நீர் ஊற்றுவது என்ற கணக்கு நழுவினால் வலு குறையும், காயும்போது சுருக்கம் கூடும். அதனால் கட்டமைப்புக் கான்கிரீட்டில் கொஞ்சமாகத்தான் சேர்க்க விடுகிறார்கள்.

இதைவிட ஆழமான சங்கதி ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. கான்கிரீட்டின் கன அளவில் முக்கால்வாசி வரை ஜல்லியும் மணலும்தான். ஆனால் அதன் கார்பன் சுமையில் பெரும்பங்கு சிமெண்டில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரிக்குச் சூடாக்கும்போது எரிபொருளின் புகை ஒரு பக்கம். கல்லுக்குள்ளேயே அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறுவது இன்னொரு பக்கம். உலகத்தின் மொத்த கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு இந்த ஒரு தொழிலிலிருந்து வருகிறது. கான்கிரீட்டை நொறுக்கினால் கல் திரும்பக் கிடைக்கும். வேலை முடித்து இறுகிப்போன சிமெண்ட் கிடைக்காது. அடுத்த கட்டடத்துக்கு மறுபடி முழுச் சிமெண்டும் போட்டாக வேண்டும்.

கம்பி மட்டும் இதற்கு விதிவிலக்கு. காந்தம் பிடுங்கிய கம்பி உலையில் உருகி மறுபடி கம்பியாகவே வரும், தரம் இறங்காமல். ஜூரோங் தொழிற்பேட்டையின் தொடக்க காலத்து ஆலைகளில் ஒன்று 1961ல் தொடங்கிய தேசிய இரும்பு எஃகு ஆலை, பின்னாளில் நாட்ஸ்டீல். பழைய கப்பல்களை உடைத்த இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்வதுதான் அதன் ஆரம்ப யோசனையே. வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முதல் தலைமுறைப் புளோக்குகள் சிலவற்றுக்குள் ஏதோ ஒரு கப்பல் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

மணல் நின்றபோது

இவ்வளவு தூரமாவது சிங்கப்பூர் வந்ததற்குக் காரணம் பசுமைப் பற்று என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். பயம்தான் காரணம். 2007ன் தொடக்கத்தில் இந்தோனீசியா திடீரென்று மணல் ஏற்றுமதியைத் தடை செய்தது. தொடர்ந்து கருங்கல் வரத்தும் தடுமாறியது. விலை எகிறியது, தளங்களில் வேலை தேங்கியது, அரசாங்கம் கையிருப்பைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் அண்டை நாடுகள் கதவை மூடியது உண்டு: 1997ல் மலேசியா, 2017ல் கம்போடியா, 2018ல் மறுபடி மலேசியா.

நம்மிடம் கல் இல்லாமலும் இல்லை. புலாவ் உபினின் கருங்கல்லை வைத்துத்தான் 1851ல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழும்பியது. ஆனால் உபினின் கடைசிக் குவாரி 1999ல் மூடப்பட்டுவிட்டது. புக்கிட் தீமா பக்கத்துக் குவாரிகள் இன்று பச்சைத் தண்ணீர் நிற்கும் குளங்கள். வாரக்கடைசியில் படம் எடுக்கப் போகிறோம்.

அதே 1999ல்தான் லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு மூடி, செமாக்காவ் தீவில் புதிய நிலநிரப்பிடம் திறந்தது. நாட்டில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 2035க்குள் நிரம்பிவிடும் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. ஒரு பக்கம் உள்ளே வரும் கல்லும் மணலும் அண்டை வீட்டார் தயவில். மறுபக்கம் வெளியே போகும் குப்பைக்குக் கடலுக்குள் ஒரே ஒரு தொட்டி. இந்த நெருக்கடியில் கான்கிரீட்டை நொறுக்கக் கற்றுக்கொண்டது சமர்த்துதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நொறுக்குவதோடு கற்றல் நின்றுவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

முன்னெல்லாம் பிரிக்க முடிந்தது, இப்போது ஏன் முடிவதில்லை? கூலி, இடம், நேரம் என்று மூன்றையும் சொல்வார்கள், நியாயம்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு எளிய பொருள் இருக்கிறது: இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்து.

இதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1819ல் ராஃபிள்சோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, வந்த சூட்டோடு தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்தார். இங்கே அவர்தான் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர். 1827ல் அவர் எழுப்பிய மாரியம்மன் கோயிலோ மரமும் அத்தாப்பு ஓலையும்தான்; செங்கல் கோயில் பிறகு வந்தது. 1858ல் சிராங்கூன் சாலைப் பக்கம் அரசாங்கச் சூளை வந்தபோது அதில் மண் பிசைந்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அந்தச் செங்கல் 1867ல் ஆக்ராக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது.

அதே கைதிகள்தான் 1862ல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டினார்கள். உள்சுவரின் பூச்சுக்கு அவர்கள் பயன்படுத்தியதை ஆங்கிலேயர்கள் ‘மதராஸ் சுண்ணாம்பு’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை. தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீரில் இவற்றைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழுவழுப்பு தெரியும்.

சுண்ணாம்புச் சாந்தின் குணம், அது செங்கல்லைவிட மென்மையானது. சுவர் அசைந்தால் விரிசல் சாந்தில் விழும், கல்லில் விழாது. நூறு வருடம் கழித்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் சாந்து உதிர்ந்து செங்கல் முழுதாகக் கைக்கு வரும். சிமெண்ட் சாந்து நேர்மாறு. அது கல்லைவிடக் கெட்டி. தட்டினால் செங்கல் உடையும், சாந்து உடையாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகம் முழுக்கச் சிமெண்டுக்கு மாறியபோது ‘பிரிப்பது’ என்ற வினை கட்டடத் தொழிலிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிட்டது.

டென்மார்க்கில் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் மதுவாலையின் பழைய கட்டடங்கள் இடிபட்டபோது, சிமெண்டில் கட்டிய சுவரைக் கல் கல்லாகப் பிரிக்க முடியவில்லை. சரி, கல்லை விடு என்று, ரம்பத்தால் சுவரையே சதுரம் சதுரமாக அறுத்து எடுத்துப் புதிய குடியிருப்பின் முகப்பில் பதித்துவிட்டார்கள். ‘ரிசோர்ஸ் ரோஸ்’ என்ற அந்தக் குடியிருப்பு 2019ல் முடிந்தது. கலர் கலரான ஒட்டுப் போர்வை மாதிரி இருக்கும். அழகா என்று கேட்டால் எனக்கு அழகாகத்தான் படுகிறது.

இங்கே செங்கல்லை நாம் வேறு விதமாகக் காப்பாற்றினோம். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960ல் திறந்த சிவப்புச் செங்கல் தேசிய நூலகத்தை, ஃபோர்ட் கேனிங் சுரங்கப் பாதைக்காக இடிக்க முடிவானபோது எழுந்த எதிர்ப்பு இந்த ஊருக்குப் புதுசு. 2004ல் இடித்தார்கள். வாசல் தூண் இரண்டும் இன்னமும் அந்த இடத்தருகே நிற்கின்றன. செங்கல் கொஞ்சம் விக்டோரியா தெருவின் புதிய நூலகத்துக்குப் போனது. காலாங் பழைய தேசிய விளையாட்டரங்கின் மரப் பலகைகளும் அப்படித்தான், சில நகருக்குள் பெஞ்சுகளாகத் திரும்பி வந்தன. இவை நினைவுப் பொருள்கள். தாத்தாவின் கைத்தடியை மாட்டிவைப்பது போல. தப்பில்லை, ஆனால் இதைக் கட்டடப் பொருள் மறுபயன்பாடு என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

கீழே கடை, மேலே வீடு என்று அமைந்த பழைய கடைவீடுகளில்தான் அசல் மறுபயன்பாடு நடக்கிறது. 1989ல் தேக்கா, சைனாடவுன், கம்போங் கிளாம் வட்டாரங்களைப் பாதுகாப்புக்கு உட்படுத்தியதிலிருந்து 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. முடிந்தவரை இருப்பதைக் காப்பது, முடியாததைப் பார்த்து மீட்பது, மிச்சத்தைச் செப்பனிடுவது என்பது அதன் விதி. அதனால் தேக்காவில் ஒரு கடைவீட்டைப் பழுதுபார்க்கிறவர் ஓட்டை இறக்கி, உடையாததைத் தேர்ந்து, மறுபடி ஏற்றுகிறார். பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் சுட்டுக் கப்பலில் வந்த பூவோடுகளை இடிபடும் வீடுகளிலிருந்து பெயர்த்துச் சேர்த்து விற்கும் ஆட்களும் இங்கே உண்டு. அங்கே பணம் காரைக்குடித் திசையில் ஓடுகிறது. காரணம், அந்த ஓடு அரியது. வீவக வீட்டுக் கதவு அரியது இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் வீடு இருக்கும் இடத்தில் எதுவுமே அரியது இல்லை.

முழுசாக விட்டுவைத்தால்

செங்கல், ஓடு, பலகை என்று பேசிக்கொண்டே போனாலும், கார்பன் கணக்கில் இவை எல்லாம் சில்லறை. ஒரு கட்டடத்தின் கனமும் கார்பனும் அதன் அடித்தளத்திலும் தூணிலும் தளத்திலும் இருக்கின்றன. எலும்புக்கூட்டை விட்டுவைத்துத் தோலையும் உள்ளுறுப்பையும் மாற்றுவதைவிடப் பெரிய மறுபயன்பாடு கிடையாது.

இதில் சிங்கப்பூரின் கணக்கு கலவையானது. அவுட்ரம் குன்றின் மேல் குதிரை லாட வடிவில் 38 மாடி நின்ற பேர்ள் பேங்க், 1976ல் முடிந்தது. கட்டடக் கலைஞர் டான் செங் சியோங். 2018ல் 728 மில்லியன் வெள்ளிக்குக் கூட்டு விற்பனையாகி, 2020க்குள் தரைமட்டமாயிற்று. 45 வருடம்கூட இல்லை. கான்கிரீட்டுக்கு அது வயதே அல்ல. இன்னொரு பக்கம் 1973ன் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். 2021ல் அதைப் பாதுகாப்புக் கட்டடமாக அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய நவீனக் கட்டடம் ஒன்றுக்கு அது முதல் தடவை. வாங்குகிறவருக்குக் கூடுதல் கட்டுபரப்பு, புதிய குத்தகை என்று சலுகை வைத்தார்கள். 2022ல் 700 மில்லியனுக்கு விற்றது. இடிக்காமலும் காசு பார்க்கலாம் என்று காட்ட அரசாங்கம் சட்டத்தையும் சலுகையையும் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. அந்தச் சலுகை இல்லாமல் எவரும் வாங்கியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சத்தமில்லாத உதாரணமும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலைத் துறை, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் புதிய எரிசக்திச் சமநிலைக் கட்டடம் ஒன்றை 2019ல் திறந்ததற்காகப் பெயர் வாங்கியது. அதைவிட எனக்குப் பிடித்தது, பக்கத்தில் இருந்த 1970களின் பழைய கட்டடங்களை இடிக்காமல் தூண், தளத்தை வைத்துக்கொண்டு புதுப்பித்ததுதான். அதைப் பற்றிப் பத்திரிகையில் அவ்வளவாக வரவில்லை. புதுசாகக் கட்டினால் ரிப்பன் வெட்டலாம். பழையதைத் தேய்த்து வைத்தால் என்ன வெட்டுவது?

கட்டட, கட்டுமான ஆணையத்தின் பசுமைக் குறியீடு 2005லிருந்து இருக்கிறது. ரொம்ப நாள் அது மின்சாரத்தையும் ஏர்கானையும்தான் முக்கியமாக அளந்தது. 2021ல் வந்த புதிய வடிவம், கட்டும்போதே செலவாகிவிடும் கார்பனையும் எண்ணச் சொல்கிறது. நல்ல திருப்பம். ஆனால் ஓட்டை ஒன்று மிச்சம். கார்பன் வரி 2024ல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026ல் 45 வெள்ளி. அது இங்கே புகை விடுகிறவர்களுக்குத்தான். சிமெண்டின் சூளை இங்கே இல்லை. கப்பலில் பொடியாக வந்து ஜூரோங்கில் இறங்குகிறது. அதன் புகை வேறு நாட்டுக் கணக்கில் எழுதப்படும். பழைய தூணை விட்டுவைப்பவருக்கு அந்த வரியால் ஒரு காசு லாபம் இல்லை.

பழங்கல்படி

இனிக் கட்டுவதையாவது பிரிக்கும்படி கட்டலாமே? கேட்க எளிது. ஈரச் சாந்தில் ஒட்டுவதற்குப் பதில் போல்ட்டில் முடுக்குவது, தளத்தையும் உத்தரத்தையும் ஒன்றாக வார்க்காமல் தனித்தனியாக உட்காரவைப்பது, குழாயையும் ஒயரையும் சுவருக்குள் புதைக்காமல் வெளியே விடுவது. ஆலையில் வார்த்த பாகங்களில் வீவக 1980களிலிருந்தே தேர்ந்த கை. இப்போது அறை அறையாக, ஓடு பதித்துச் சாயம் பூசி, பெட்டிபோல் கிரேனில் அடுக்குகிறார்கள். பார்த்தால் நாளைக்கே கழற்றி எடுத்துவிடலாம் போல இருக்கும். கழற்ற முடியாது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே சிமெண்ட் குழம்பை ஊற்றி இறுக்கிவிடுகிறோம். அடுக்கிக் கட்டுவது நமக்கு வருகிறது. அடுக்கைக் குலைப்பது வரைபடத்தில் இல்லை.

பழைய புளோக்கின் தளப் பலகைகளை அறுத்து எடுத்து வேறு கட்டடத்தில் வைக்கலாமா? பின்லாந்தின் தம்பெரே பல்கலைக்கழகம் தலைமையில் ஐரோப்பாவில் 2021லிருந்து இதைத்தான் முயல்கிறார்கள். அங்கே குளிரும் வறட்சியும். இங்கே கழிவறைக் கூரையைப் பார்த்தாலே தெரியும்: கான்கிரீட் செதில் செதிலாகப் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கும். ஐம்பது வருட ஈரம் அது. எந்தப் பலகை உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தால்தான் சொல்ல முடியும். அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ். 1989ல் கட்டடங்களில் அதைத் தடை செய்தார்கள்; அதற்கு முந்தைய கூரைத் தகடு எதையும் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கூடாது.

ஆகச் சிக்கல் பொருளில் மட்டும் இல்லை, பொருளைப் பற்றிய தகவலிலும் இருக்கிறது. இந்தத் தூணில் என்ன கலவை, எந்த ஆலைக் கம்பி, எவ்வளவு பாரம் தாங்கியது? ஐரோப்பாவில் இதற்காகப் ‘பொருள் கடவுச்சீட்டு’ என்று ஒன்றைப் பேசுகிறார்கள். கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பதிவு. இடிக்கும்போது அது கூடவே போகும்.

கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது கும்பகோணம் பக்கத்துத் திருக்கோடிகாவல். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைக் கருங்கல்லில் புதுப்பித்தபோது, பழைய கற்களில் சிதறிக் கிடந்த பல்லவ, பாண்டியக் கல்வெட்டுகளைத் திரட்டிப் புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். ஒவ்வொன்றிலும் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறித்தார்கள். பழைய கல்லிலிருந்து எடுத்த படி. நிலம் யாருடையது, விளக்குக்கு எத்தனை ஆடு என்ற பதிவெல்லாம் கல்லில்தானே இருந்தது. கல் போனால் உரிமை போகும். அதனால் கல்லை மாற்றினாலும் தகவலை மாற்றாமல் கொண்டுபோனார்கள். பல கோயில்களில் இது நடக்கவில்லை. வரி மாறி, தலைகீழாக, பாதி வெட்டுப்பட்டு அடுக்கிய கல்வெட்டுக் கற்களை இன்றும் சுவரில் பார்க்கலாம். கல் பிழைத்தது, சேதி போனது.

2018ல் அறிவித்த விருப்ப அடிப்படையிலான மறுமேம்பாட்டுத் திட்டம், ஏறக்குறைய 70 வயதான வீவக வட்டாரங்களுக்கானது. 1960களின் புளோக்குகள் 2030களில் அந்த வயதைத் தொடும். செமாக்காவ் நிரம்புவதாகச் சொல்லும் அதே பத்தாண்டு. ஒன்றிரண்டு புளோக் இல்லை, வட்டாரம் வட்டாரமாக முடிவெடுக்க வேண்டி வரும். பழைய புளோக்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு மறுமேம்பாடு செய்ய 1995ல் தொடங்கிய செர்ஸ் திட்டத்தில் மக்கள் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனதும் புளோக்கை அடைத்து, உடைத்து, அள்ளிவிடுவதே பழக்கம். சாவி வாங்குவதற்கும் உடைப்பதற்கும் நடுவே உள்ள மாதங்களில் ஒரு ஆள், ஒரு சுத்தியல், ஒரு சோதனைக் கருவி, ஒரு குறிப்பேட்டோடு வீடு வீடாக ஏறினால் என்ன கிடைக்கும் என்பதை யாராவது ஒரு புளோக்கிலாவது பார்த்துவிட வேண்டும். அவர் எழுதுவதற்கு ஒப்பந்தக்காரரின் இடிப்பு விலையில் ஒரு வரி ஒதுக்க வேண்டும். இப்போது அந்த வரி இல்லை.

என் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். இரண்டாவது அறைத் தரையை நிறுத்தச் சொன்னேன். ஒப்பந்தக்காரரிடம் பேசி இரண்டு நாள் கூலி கூடுதலாகக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புதுக்கோட்டைத் தம்பி உளியை வைத்து ஓரத்திலிருந்து நெம்பி நெம்பி எடுத்தார். மூன்றில் ஒன்று உடைந்தது. மிச்சத்தைத் தார் சுரண்டி நூல் கட்டி அடுக்கிக் கொடுத்தார். அம்மா அதில் இரண்டு மணை செய்து வாங்கிக்கொண்டார். பாக்கி ஏழு பை ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. இலவசமாகவே தருகிறேன் என்று தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். விசாரிக்கிற தச்சர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: என்ன மரம், எந்த வருடம் போட்டது, மொத்தம் எத்தனை சதுர அடி?

மூன்றாவதை அளந்து சொல்லிவிட்டேன். முதல் இரண்டும் தெரிந்தவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு பெர்த்துக்குப் போய்விட்டார்.